மாணவத் தலைவரின் கொப்பியில் ஒரு நிரல்

ஒவ்வோர் ஆண்டும் எமது பாடசாலைகளில் மாணவத் தலைவர்களுக்குச் சின்னம் சூட்டும் விழா நடைபெற்று வருகின்றது. கிராஅத்துடன் நிகழ்வு ஆரம்பமாகும். அதிபர் தலைமையுரை நிகழ்த்துவார். பிரதம அதிதி தலைமைத்துவம் பற்றி அரைமணி நேரம் பேசுவார். பின்னர் பெற்றோர் மேடைக்கு அழைக்கப்பட்டுத் தம் கையாலேயே பிள்ளையின் சட்டையில் சின்னத்தைக் குத்திவிடுவர். அன்றிரவு முகநூலைத் திறந்தால் ஊரில் அரைவாசிப் பேரின் பக்கங்களில் அதே நிழற்படங்கள்தாம்.

அந்த மகிழ்ச்சியில் குறை காண்பது எமது நோக்கமன்று. ஸஹீஹுல் புகாரியில் அம்ர் இப்னு ஸலமா (ரழி) அவர்களைப் பற்றிய செய்தியொன்று உண்டு. தம் கூட்டத்தாரில் குர்ஆனை அதிகம் மனனம் செய்திருந்தமையால் ஆறு அல்லது ஏழு வயதிலேயே அவர்களுக்கு இமாமாக நிறுத்தப்பட்டவர் அவர். ஸுஜூதின்போது அவருடைய போர்வை மேலேறிவிடுவதைக் கண்ட பெண்மணி ஒருவர் அதைச் சுட்டிக்காட்ட, மக்கள் துணி வாங்கி அவருக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தனர். அச்சட்டையைப் பெற்றபோது அடைந்த மகிழ்ச்சியைப் போன்று வேறெதிலும் தாம் அடைந்ததில்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்கின்றார். பொறுப்பேற்ற சிறுவன் புதுச்சட்டையில் பூரிப்பது அன்றும் இருந்தது. இன்று அதன் இடத்தைக் கழுத்துப்பட்டியும் சின்னமும் பிடித்துள்ளன, அவ்வளவே.

எமது கேள்வி விழாவுக்கு மறுநாட் காலையைப் பற்றியது. சின்னம் சூடிய அந்தப் பிள்ளை மறுநாள் என்ன வேலை செய்கின்றது?

பாடசாலை வாயிலில் ஒரு கொப்பியுடன் நிற்கின்றது. பிந்தி வருவோரின் பெயரை எழுதுகின்றது. நகம் வளர்த்திருப்பவன், முடி வெட்டாதவன், சப்பாத்து அணியாதவன், சட்டையை வெளியே விட்டிருப்பவன் என ஒவ்வொருவராகப் பிடிக்கின்றது. ஆசிரியர் வராத வகுப்புக்குச் சென்று, பேசுகின்றவர்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதுகின்றது. இடைவேளையில் சிற்றுண்டிச்சாலை வரிசையைக் காக்கின்றது. மேடையில் கேட்ட தலைமைத்துவம், ஆளுமை, அமானிதம் போன்ற சொற்களுக்கும் இந்த நாளாந்த வேலைக்கும் இடையில் பிள்ளை காணக்கூடிய தொடர்பு மிகச் சொற்பம். பிடிப்பதும் எழுதுவதும் ஒப்படைப்பதுமே தலைமை என்று பதினாறு வயதில் கற்றுக்கொள்ளும் ஒருவன், பின்னாளில் காரியாலயத்திலோ பள்ளிவாசல் நிர்வாகத்திலோ தன் வீட்டிலோ அதைத்தானே செய்வான்?

இந்த முறை எமக்கு எங்கிருந்து வந்தது என்று சற்றுப் பார்ப்பது பயனுடையது. பிரிஃபெக்ட் என்பது உரோம ஆட்சியில் அதிகாரியைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழி வந்தது. இங்கிலாந்தின் ரக்பி பாடசாலையில் 1828 முதல் 1842 இல் மரணிக்கும் வரை தலைமை ஆசிரியராக இருந்த தோமஸ் ஆர்னல்ட், மேல்வகுப்பு மாணவர்களிடம் ஒழுக்கக் கட்டுப்பாட்டை ஒப்படைத்து நடத்திய முறை ஏனைய ஆங்கிலப் பாடசாலைகளுக்கும் முன்மாதிரியாயிற்று. அப்பாடசாலைகளைப் பின்பற்றி இலங்கையில் அமைந்த கல்லூரிகளின் வழியாக அது எமது கிராமப் பாடசாலைகள் வரை வந்து சேர்ந்தது. ஆங்கிலேயரிடமிருந்து வந்ததனால் ஆகாது என்று நாம் சொல்லவில்லை. கிரிக்கெட்டும் அவர்களிடமிருந்துதான் வந்தது. அதை விட்டுவிடும்படி எமது மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தால் தெரியும்.

ஆனால் மொனிட்டர் முறைக்கு வேறொரு வரலாறு உண்டு. அன்ட்ரு பெல் என்ற பாதிரியார் 1789 இல் சென்னை எழும்பூரில் இராணுவத்தினரின் அநாதைச் சிறுவர்களுக்கான இல்லமொன்றைப் பொறுப்பேற்றார். நாட்டுப் பள்ளிக்கூடத்துச் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைத் தம் இல்லத்திலும் புகுத்தினார். ஆசிரியர்கள் ஒத்துழைக்க மறுத்தபோது, எழுத்தறிந்த மூத்த மாணவனை இளையவர்களுக்குக் கற்பிக்க வைத்தார். 1797 இல் இதனை அவர் நூலாக வெளியிட்ட பின்னர் ‘மெட்ராஸ் முறை’ என்றே அது இங்கிலாந்தில் பெயர் பெற்றது. தமிழ்த் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை என்றழைக்கப்பட்ட மாணவனுக்கும் இத்தகைய வேலை இருந்தது. அவன் கையிலும் பிரம்பு இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. எமது குர்ஆன் மத்ரஸாக்களில் இன்றும் யாஸீன் ஓதும் பிள்ளை அலிஃப், பே ஓதும் பிள்ளையைத் தன்முன் இருத்திப் பாடம் கேட்கின்றது. மூத்தவன் இளையவனுக்கு ஏதோ ஒன்றைக் கொடுக்கும் ஏற்பாடு இது. வாயிற் கொப்பியில் அந்தக் கொடுத்தல் இல்லை.

நாமும் தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் இரண்டு ஆண்டுகள் மாணவத் தலைவராக இருந்தோம். புத்தளம் மாவட்டத்துப் பாடசாலையொன்று அது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட 70,000 க்கும் அதிகமான முஸ்லிம்களில் பெரும்பாலானோர் எமது மாவட்டத்திலேயே தஞ்சமடைந்திருந்தனர். யாழ்ப்பாண நகரத்து மக்களுக்கு வெளியேறக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். கிடுகுக் கொட்டில்களாலான முகாம்கள், உலர் உணவு நிவாரணம், காலை நேரத்தில் ஒரு பாடசாலையும் மாலையில் அதே கட்டடத்தில் இன்னொரு பாடசாலையும் என்று அக்காலம் கழிந்தது. எமது வகுப்புகளிலும் முகாம் பிள்ளைகள் இருந்தனர். அவர்களைக் குறிப்பதற்கு ஊரில் புழங்கிய சொல் ‘அகதி’. சில ஆசிரியர்களின் வாயிலும் அச்சொல் சாதாரணமாக வந்தது.

எமக்குத் தரப்பட்ட வாயிற் கொப்பியில் நான்கு நிரல்கள் இருந்தன: திகதி, பெயர், தரம், குற்றம். மூன்று முறை பெயர் பதிவானால் பெற்றோரை அழைத்து வர வேண்டும். கொப்பி நிறைய நிறைய ஒரு விடயம் எவருடைய கண்ணுக்கும் புலப்பட்டது. பதிவான பெயர்களில் பெரும்பாலானவை முகாம் பிள்ளைகளின் பெயர்கள். மூன்று பதிவுகளுக்குப் பின்னர் தகப்பனை அழைத்து வரச் சொன்னால், அன்றாடக் கூலிக்குப் போகும் தகப்பன் ஒரு நாட் கூலியை இழந்து வர வேண்டும். அதற்குப் பயந்து பிள்ளை மூன்று நான்கு நாட்கள் பாடசாலைக்கே வராது நின்றுவிடும். பிந்தி வருவதைத் தடுக்க வைத்த கொப்பி, வராதிருப்பதற்குக் காரணமாகிக் கொண்டிருந்தது.

மாணவத் தலைவர்களுக்குப் பொறுப்பாக இருந்த ஆசிரியர் அதிகம் பேசாதவர், கணிதம் கற்பித்தவர். ஒருநாள் கொப்பியை வாங்கிச் சென்று, ஒவ்வொரு பக்கத்திலும் அடிமட்டம் வைத்து ஐந்தாவதாக ஒரு கோடு கீறிக் கொண்டு வந்து தந்தார். மேலே ‘காரணம்’ என்று எழுதியிருந்தார். விளக்கமெதுவும் சொல்லவில்லை. கேட்டு எழுதுங்கள், எழுதியதை வேறு மாணவர்களிடம் சொல்லாதீர்கள் என்ற இரண்டு கட்டளைகள் மட்டுமே.

அந்த நிரலில் விழுந்தவற்றை இன்றும் எம்மால் சொல்ல முடியும். தண்ணீர் பவுசர் வர ஏழரை ஆகிவிட்டது. குடம் நிரம்பும் வரை வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. உம்மா தோட்டக் கூலிக்குப் போய்விட்டார். தம்பியைப் பெரியம்மாவின் கொட்டிலில் விட்டுவிட்டு வந்தேன். மழையில் சட்டை காயவில்லை. இவற்றுக்கிடையில், நித்திரையாகிவிட்டேன் என்று உண்மையைச் சொன்னவர்களும் இருந்தனர். அவர்கள் பெரும்பாலும் பாடசாலைக்கு அடுத்த வீதியில் குடியிருந்தவர்கள். ஒரு மாணவனின் காரணம் எம்மை நெடுநேரம் பேசாதிருக்கச் செய்தது. அவனுக்கும் அவனுடைய தமையனுக்கும் ஒரே சோடி சப்பாத்து. ஒருவன் காலைப் பாடசாலை, மற்றவன் மாலைப் பாடசாலை. தமையனுக்குப் பரீட்சை நடந்த வாரத்தில் அவனும் காலையில் போக வேண்டியிருந்ததால் இவன் செருப்புடன் வந்திருந்தான். பழைய கொப்பியாக இருந்தால் ‘சப்பாத்து இல்லை’ என்ற ஒரு வரியோடு அது முடிந்திருக்கும்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த ஆசிரியர் கொப்பியுடன் எம்மை இருத்தி, ஒவ்வொரு காரணத்தையும் மூன்றாகப் பிரிக்கச் சொல்வார். நாமே தீர்க்கக்கூடியவை, அதிபர் தீர்க்கக்கூடியவை, எவராலும் தீர்க்க முடியாதவை. முதல் வகையில், பழைய சப்பாத்துகளை வீடு வீடாகச் சேர்த்தோம். யாருக்குக் கொடுத்தோம் என்பது வகுப்பில் எவருக்கும் தெரியாது. இரண்டாம் வகையில், தண்ணீர் வரிசையில் பாடசாலைப் பிள்ளைகளை முன்னால் விடும்படி முகாம் பொறுப்பாளரிடம் அதிபர் பேசினார். சில நாட்கள் நடந்தது, சில நாட்கள் நடக்கவில்லை. மூன்றாம் வகையில் இருந்த ஒரு மாணவன் பத்தாம் தரத்தோடு உப்பளத்து வேலைக்குப் போய்விட்டான். அதை எந்த நிரலாலும் நிறுத்த முடியவில்லை. எனினும் அவன் ஏன் போனான் என்பது பாடசாலைக்குத் தெரிந்திருந்தது.

பல ஆண்டுகள் கழித்து, மத்ரஸாவில் ஹதீஸ் பாடம் படித்துக் கொண்டிருந்தபோது தகீஃப் கோத்திரத்துத் தூதுக்குழுவின் செய்தியை எதிர்கொண்டோம். ஹிஜ்ரி ஒன்பதாம் ஆண்டில் தாயிஃபிலிருந்து மதீனா வந்த அக்குழுவில் வயதில் மிக இளையவர் உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரழி). மார்க்கத்தைக் கற்பதில் அவருக்கிருந்த ஆர்வத்தினால் நபி (ஸல்) அவர்கள் அவரையே அக்கூட்டத்தாருக்குப் பொறுப்பாக்கினார்கள். அவருக்கு அண்ணலார் சொன்ன அறிவுரை அபூதாவூதிலும் நஸாயீயிலும் பதிவாகியுள்ளது: தொழுகை நடத்தும்போது அக்கூட்டத்தில் மிகவும் பலவீனமானவரையே அளவாகக் கொள்ளும்படி. ஓர் இளைஞனுக்குத் தலைமையை ஒப்படைக்கும்போது நபியவர்கள் அவன் கண்ணைத் திருப்பிய திசையைக் கவனியுங்கள். வரிசையில் முழங்கால் வலியோடு நிற்பவர் யார், கைக்குழந்தையோடு வந்தவர் யார், நோயாளி யார் என்று அறியாத இமாமினால் இக்கட்டளையை நிறைவேற்ற முடியாது. பலவீனமானவரை அறிந்திருப்பது இங்கு இமாமுக்கு நற்குணம் மட்டுமன்று, தகைமையுமாகும்.

கணித ஆசிரியருக்கு அந்த ஹதீஸ் தெரிந்திருந்ததா என்று கேட்கும் வாய்ப்பு எமக்குக் கிடைக்கவில்லை. அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்குவானாக.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். கேள்வி கேட்டுக் கொண்டிருந்தால் ஒழுங்கு என்னாவது, ஆளுக்கொரு காரணம் சொல்லித் தப்பிக் கொள்ள மாட்டார்களா என்று ஆசிரியர்கள் கேட்பர். நியாயமான கேள்வியே. பொய்க் காரணம் சொன்னவர்கள் எமது காலத்திலும் இருந்தனர். ஆனால் ஒரு பிள்ளையால் ஒரே பொய்யை எத்தனை நாட்களுக்குச் சொல்ல முடியும்? எழுதி வைக்கப்படும் காரணத்தை அடுத்த வாரம் விசாரிக்க முடியும். எழுதப்படாத காரணத்தை யாரும் விசாரிப்பதில்லை. அத்துடன், காரணம் கேட்பது வேறு, மன்னித்து விடுவது வேறு. அடுத்த வீதியிலிருந்து பிந்தி வந்தவர்கள் வழமைபோலவே மைதானத்தில் குப்பை பொறுக்கினர்.

துருவித் துருவி ஆராய்வது பற்றியும் ஒரு வார்த்தை. ஸூரதுல் ஹுஜுராத்தின் 12 ஆம் வசனம் பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதைத் தடை செய்கின்றது. மக்களின் குறைகளைத் தேடித் திரிந்தால் அவர்களையே கெடுத்துவிட நேரும் என்ற கருத்தில் முஆவியா (ரழி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியும் அபூதாவூதில் உண்டு. வாயிலில் நிற்பது துருவுதல் ஆகாது. வெளிப்படையாகத் தெரிவதைத்தான் அங்கு எழுதுகின்றனர். ஆனால் வகுப்பில் யார் யாரைப் பற்றி என்ன பேசினர், எவன் எவனுடன் சேர்ந்து திரிகின்றான் என்று இரகசியமாக அறிந்து வந்து சொல்லும்படி மாணவத் தலைவர்களை ஏவும் பழக்கம் சில இடங்களில் இருக்கின்றது. அதை நாம் கடுமையாக ஆட்சேபிக்கின்றோம். நண்பனைக் காட்டிக் கொடுத்துப் பாராட்டுப் பெறும் பிள்ளையை எந்தப் பாடத்தாலும் எளிதில் திருத்திவிட முடியாது. ஒருவன் இன்னொருவனை அடிக்கின்றான், துன்புறுத்துகின்றான், போதைப்பொருள் கொண்டு வருகின்றான் என்றால் அது வேறு. அங்கே வாய்மூடி இருப்பதுதான் குற்றம். இரண்டையும் பிரித்தறியக் கற்றுக் கொடுப்பது பெரியவர்களின் கடமை, பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் சுமத்த வேண்டியதன்று.

மாணவியர் பக்கம் நாம் நேரடியாக அறியாதது. ஆயினும், மலசலகூடக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத காரணத்தால் இடைவேளையோடு வீடு போய்விடும் மாணவியரைப் பற்றி அதிபருக்கு முதலில் தெரிவித்தவர் மாணவத் தலைவியொருவர் என்று எமது சகோதரி ஒரு பாடசாலையைப் பற்றிச் சொன்னதுண்டு. ஒரு தாழ்ப்பாளின் விலை எவ்வளவு என்று நினைக்கின்றீர்கள்?

இனி பெற்றோரிடம் வருவோம். பிள்ளைக்குச் சின்னம் கிடைக்க வேண்டும் என்பதற்காக அதிபரின் வீட்டுக்குச் செல்வது, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கும் உறவினரைப் பிடிப்பது, ‘எங்கட பிள்ளைக்கு ஏன் தரல்ல’ என்று காரியாலயத்தில் சண்டையிடுவது என்பன எமது ஊர்களில் புதிதல்ல. இதற்கு உலகியல் காரணமும் இல்லாமலில்லை. பாடசாலை விடுகைப் பத்திரத்தில் அது பதிவாகின்றது. பிற்காலத்தில் தன் பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்கப் பழைய மாணவர் என்ற வகையில் விண்ணப்பிக்கும்போது இணைப்பாடவிதானச் சாதனைகளுக்குப் புள்ளிகள் கிடைக்கின்றன. ஆக, இன்று குத்தும் சின்னம் பேரப்பிள்ளையின் முதலாம் தரம் வரை கணக்கிடப்படுகின்றது.

பதவியைக் கேட்டுப் பெற வேண்டாம் என்று அப்துர் ரஹ்மான் இப்னு ஸமுரா (ரழி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் உபதேசித்ததை ஜும்ஆவில் பலமுறை கேட்டிருக்கின்றோம். கேட்டுப் பெற்றால் அந்தப் பொறுப்போடு நாம் தனித்து விடப்படுவோம், கேளாமல் வந்தால் உதவி செய்யப்படுவோம் என்பது அதன் கருத்து. இதற்கு மறுமொழியாக யூஸுஃப் (அலை) அவர்கள் களஞ்சியப் பொறுப்பைத் தாமே கேட்டார்களே என்று சிலர் சொல்வர். உண்மைதான். எனினும் அவர்கள் எதைக் கேட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏழாண்டுப் பஞ்சம் வரவிருப்பதை அறிந்து, தானியத்தைக் காக்கும் வேலையைக் கேட்டார்கள். வேலையைக் கண்டு அதைக் கேட்பவனுக்கும், சின்னத்தைக் கண்டு அதைக் கேட்பவனுக்கும் இடையிலான வேறுபாட்டை அறிய பெரிய தஃப்ஸீர்கள் தேவையில்லை. பிள்ளையிடம், ‘உனக்கு இந்தப் பொறுப்புக் கிடைத்தால் பாடசாலையில் எதைச் செய்ய விரும்புகின்றாய்’ என்று ஒரு முறை கேட்டுப் பார்த்தால் போதும்.

எமது மத்ரஸாவில் விடுதி மாணவர்களுக்கு அமீர் ஒருவரைத் தெரிவு செய்யும் வேளையில், கடந்த சில வருடங்களாக நாம் ஒரேயொரு வினாவைக் கேட்டு வருகின்றோம். உன் அறையில் ஹிஃப்ழுப் பாடம் யாருக்கு மிகவும் கஷ்டமாக இருக்கின்றது, ஏன்? திறமைசாலிகள் பலர் இதற்கு விடை தெரியாமல் விழிப்பர். சென்ற தடவை, ஓதலில் நடுத்தரமான மாணவனொருவன், தன் அறைத் தோழன் இரவில் வீட்டை நினைத்து அழுவதனால் ஸுபஹுக்குப் பின்னர் கண் சொருகி விடுகின்றான் என்றும், தான் அவனுடன் அஸருக்குப் பின் பாடம் கேட்டு வருவதாகவும் சொன்னான். அவனையே நியமித்தோம். அவனுக்குச் சத்தம் போட வராது. சாப்பாட்டு வரிசையில் இன்னமும் குழப்பம் உண்டு. அந்தக் குழப்பத்தைப் பொறுத்துக் கொள்கின்றோம்.

கடந்த தவணையில், எமது பிள்ளைகள் கற்கும் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை முன்வைத்தோம். மாணவத் தலைவர்களின் கொப்பியில் ‘காரணம்’ என்றொரு நிரல் வேண்டும். வாரம் ஒருமுறை ஓர் ஆசிரியர் அதைப் பார்க்க வேண்டும். கூட்டத்தில் சிலர் சிரித்தனர். கொப்பி அச்சிட்டு வந்துவிட்டது, இனி எப்படி மாற்றுவது என்று ஒருவர் கேட்டார். அதிபர் கொப்பியை எடுத்துவரச் செய்து புரட்டிப் பார்த்தார். பக்கத்தின் வலது ஓரத்தில் இரண்டு விரலளவு இடம் வெறுமையாக இருந்தது. மேசையில் கிடந்த அடிமட்டத்தை எம்மிடம் நீட்டி, முதற் பக்கத்தில் கீறிக் காட்டும்படி சொன்னார். வாரந்தோறும் அதைப் பார்ப்பதற்கு எந்த ஆசிரியர் முன்வருவார் என்பது இதை எழுதும் வரை முடிவாகவில்லை.